துண்டேந்தும் வசூல் எத்தனை நாளைக்கு? அறிஞர் அஸீஸ் காட்டிய வழி

(குளச்சலில் வாலிபர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

குளச்சலில் மேடை ஏறுகிறவர்கள் வழக்கமாக 1741-ஆம் ஆண்டுப் போரில்தான் தொடங்குவார்கள். டச்சுக்காரனை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்த கதை. கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூண். அது உங்களுக்கு மனப்பாடம். நான் இன்று அந்தக் கடலுக்கு அக்கரையில் பிறந்த ஒரு மனிதரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அவர் வாளெடுக்கவில்லை. கணக்குப் புத்தகம் எடுத்தார்.

அவர் பெயர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். இலங்கை முஸ்லிம்கள் 'அறிஞர் அஸீஸ்' என்று மரியாதையோடு சொல்லும் பெருமகன். நம் பகுதியிலிருந்து கப்பலேறிக் கொழும்பில் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அஸீஸ் என்றால் யாரென்று தெரியவில்லை. கொழும்பிலிருந்து நாம் சரக்குக் கொண்டுவந்தோம். சைத்தூள் போட்ட கதைகளும் கொண்டுவந்தோம். அங்கிருந்த நல்ல ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவர மறந்துவிட்டோம். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை

1911 அக்டோபரில் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார் அஸீஸ். தந்தையார் அபூபக்கர் அவர்கள் ஒரு புரொக்டர். அதாவது, அந்நாளைய இலங்கை நீதிமன்றங்களில் வழக்குகளைக் கவனித்த சட்டத்தரணி. வீட்டில் சட்டப் புத்தகம் இருந்தது. காலையில் குர்ஆன் மதரஸா. பிறகு வைத்தீஸ்வர வித்தியாலயம், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. ஆம், இந்துக் கல்லூரிதான்! ஈமானோடு போனார், ஈமானோடு திரும்பினார், படிப்பையும் கூடவே கொண்டுவந்தார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். "அங்கே போனால் பிள்ளை கெட்டுப்போவான்" என்று சொல்லியே ஒரு தலைமுறையைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டோமே, அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாறு படித்துச் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்க உதவிநிதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் போனார். போன சில மாதங்களிலேயே இலங்கை சிவில் சர்வீஸில் தேர்வாகி 1935-ல் திரும்பினார். நம் நாட்டு ஐ.ஸி.எஸ். எப்படியோ, அப்படி அங்கே சிவில் சர்வீஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் முஸ்லிம் அவர்தான். வயது 23.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அவரே உதவிநிதியில் படித்தவர். யாரோ கொடுத்த பணம் தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது அவருக்குத் தெரியும். உதவி பெற்று மேலே வந்தவர்களில் இரண்டு வகை உண்டு. ஏணியை மேலே இழுத்துக்கொள்கிறவர் ஒரு வகை. இறங்கிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் இன்னொரு வகை.

கல்முனையில் கண்டது

1942. இரண்டாம் உலகப் போர். ஏப்ரல் மாதம் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டன. நாட்டில் அரிசித் தட்டுப்பாடு. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கிழக்கே கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அஸீஸ் அனுப்பப்பட்டார். நெல் விளைவிக்கப் போன அதிகாரி, நிலமில்லாத ஏழைகளுக்கு நிலம் கிடைக்க வழிசெய்தார். அந்த மண்ணின் மைந்தர் சுவாமி விபுலானந்தரோடு நட்புக் கொண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தையும் அங்கே தொடங்கி வைத்தார்.

கிழக்கிலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் விவசாயிகள். பிள்ளைகளுக்கு மூளை இருந்தது; பணம் இல்லை. பல்கலைக்கழகம் இருந்ததோ கொழும்பில். கல்முனையிலிருந்து ஒரு பையன் கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிக்க வேண்டுமென்றால் வண்டிக் கூலி, தங்குமிடம், சாப்பாடு, உடுப்பு, புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். வயலை விற்றுப் படிக்க வைக்க எந்த வாப்பாவுக்குத் துணிச்சல் வரும்?

1945 மே 19-ஆம் நாள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அஸீஸ் நிறுவினார். வசதியில்லாத முஸ்லிம் மாணவர்கள் உயர்கல்வியைத் தொடரப் பண உதவி செய்வதே அதன் வேலை.

அந்த ஆண்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. அதே 1945 அக்டோபரில்தான் இலங்கையில் கல்விக் கட்டணம் இல்லாத இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. "அதுதான் அரசாங்கமே இலவசமாக்கிவிட்டதே, பிறகெதற்குத் தனி நிதி?" என்று கேட்கத் தோன்றும். எனக்குப் புரிந்தவரை அஸீஸின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் இலவசமாகலாம், பசி இலவசமாகாது. விடுதிக் கட்டணம் இலவசமாகாது. அந்தப் பையன் வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்திருப்பானே கூலி, அந்த இழப்பை எந்தச் சட்டமும் ஈடுகட்டாது. பிள்ளையைப் படிக்க வைப்பதில் கட்டணத்தை விடப் பெரிய செலவு இந்த மறைமுகச் செலவுதான். கடை வைத்திருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சரக்கின் விலை வேறு. சரக்குக் கடைக்கு வந்து சேரும் விலை வேறு.

நாற்காலியை விட்டு எழுந்தவர்

இனி அவர் செய்ததைக் கேளுங்கள். 1948-ல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. வெள்ளைக்காரன் காலி செய்த நாற்காலிகளெல்லாம் நாட்டு அதிகாரிகளுக்குக் காத்துக் கிடந்தன. அஸீஸுக்கு வயது 36. இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் எந்த உயரத்துக்கும் போயிருக்கலாம். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் சிவில் சர்வீஸிலிருந்து விலகி, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பை ஏற்றார்.

நம் வீட்டில் ஒரு பையன் கலெக்டர் உத்தியோகத்தை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாத்தியார் ஆகிறேன் என்றால் உம்மா என்ன சொல்வார்? "யா அல்லாஹ், என் பிள்ளைக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள்" என்றுதான் சொல்வார்!

ஸாஹிராவின் வேரைச் சொன்னால் சட்டம் படித்த இன்னொருவரையும் சொல்ல வேண்டும். கண்டியில் 1838-ல் பிறந்த முஹம்மது காசிம் சித்திலெப்பை அவர்களும் ஒரு புரொக்டர். வருமானம் தந்த சட்டத் தொழிலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைந்தார். 1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885-ல் 'அஸன்பே சரித்திரம்' என்ற நாவலை எழுதினார். தமிழின் ஆரம்ப கால நாவல்களில் அது ஒன்று. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இலங்கைக்கு வந்த ஒராபி பாஷாவும் அவரோடு தோள்கொடுத்தார். 1892-ல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி அவர்கள் எழுப்பிய மதரஸாதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது.

1948 முதல் 1961 வரை அஸீஸ் அதை நடத்தினார். முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமல்ல, மற்றச் சமுதாயத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பிற்காலத்தில் தமிழுலகம் போற்றிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவின் மாணவர். 1950-ல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையையும் அஸீஸ் அமைத்தார். 1952-ல் செனட் சபை உறுப்பினரானார். 'இலங்கையில் இஸ்லாம்' முதலிய நூல்களைத் தமிழில் எழுதினார்.

1956-ல் அவருக்கு ஒரு சோதனை வந்தது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கொள்கையை அவர் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் தழுவிக்கொண்டது. கட்சியை விட்டு வெளியே வந்தார். பள்ளி நடத்துகிற மனிதர், அரசாங்க மானியத்தை எதிர்பார்த்து நிற்கிற மனிதர், ஆட்சியாளர்களைப் பகைத்துக்கொள்ளலாமா என்று கணக்குப் பார்க்கவில்லை. இதை நம் இயக்கத்துத் தம்பிகள் குறித்துக்கொள்ள வேண்டும். கல்விப் பணி என்றால் அரசியல் பேசாமல் வாய்மூடி இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். அஸீஸ் அப்படி நினைக்கவில்லை.

பிறகு இன்னொரு சோதனை. 1960, 61-ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெறும் பள்ளிகளை இலங்கை அரசு தன் கையில் எடுத்தது. ஸாஹிராவும் அதில் போனது. அஸீஸ் முதல்வர் பதவியிலிருந்து விலகினார். அந்தச் சட்டங்கள் பள்ளிக்கூடங்களைப் பற்றியவை. கல்விச் சகாய நிதியை அவை தொடவில்லை. கட்டடத்தை அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம். மாணவனின் கையில் கொடுத்துவிட்ட உதவியை யார் எடுத்துக்கொள்ள முடியும்?

1973 நவம்பரில் அவர் வஃபாத்தானார். 1980-ல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு மறைவுக்குப் பின் கலாநிதிப் பட்டம் வழங்கியது. பத்தே ஆண்டுகளில், 1990 அக்டோபரில், அவர் பிறந்த ஊரின் முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். வீடு, கடை, நகை எல்லாம் போயின. உடுத்த துணியோடு புத்தளம் போய் இறங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் எவரிடம் படிப்பு இருந்ததோ அவர் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். 2004 சுனாமியில் எல்லாம் போகும் வேதனையை இந்தக் குளச்சல் கடற்கரையும் கண்டதல்லவா? உங்களுக்குப் புரியும்.

ஜும்ஆவுக்குப் பின் ஒரு வசூல்

"ஹஜ்ரத், நம் தமிழகத்தில் கல்விக்குச் செய்தவர்கள் இல்லையா? அக்கரைக்கு ஏன் போகிறீர்கள்?" என்று கேட்கலாம். இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னையில் புதுக் கல்லூரியும் 1951-ல் எழுந்தன. உயர் நீதிமன்ற நீதிபதி பஷீர் அஹமத் சயீத் அவர்கள் 1955-ல் தென்னிந்தியக் கல்வி அறக்கட்டளையைத் தொடங்கிப் பெண்களுக்கென்று கல்லூரி கண்டார். நம் மாவட்டத்தில் திருவிதாங்கோட்டில் முஸ்லிம் கலைக் கல்லூரி இருக்கிறது. கட்டடம் கட்டுவதில் நாம் குறை வைக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்தக் கட்டடத்து வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போக முடியாமல் நிற்கிறானே, அந்தப் பிள்ளைக்கு நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு பையன் சட்டக் கல்லூரியில் இடம் வாங்கினான். வாப்பாவுக்கு வளைகுடாவில் வேலை போய்விட்டது. ஜமாஅத்தில் சொன்னார்கள். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மைக்கில் அறிவிப்பு. வாப்பா பெயர், வீட்டுப் பெயர், பையன் பெயர், குடும்பத்தின் கஷ்டம் எல்லாம் விலாவாரியாகச் சொல்லப்பட்டது. வாசலில் இருவர் துண்டை விரித்துப் பிடித்தார்கள். பத்தும் இருபதும் ஐம்பதும் விழுந்தன. அந்தப் பையன் மூன்றாவது ஸஃப்பில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். அந்த ஆண்டுக் கட்டணம் கட்டியாயிற்று. அடுத்த ஆண்டு? மறுபடியும் துண்டா? அவன் அதற்குத் தயாராக இல்லை. படிப்பை விட்டுவிட்டு விசா வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

கொடுத்தவர்கள் நல்லவர்கள். அறிவித்தவர் நல்ல எண்ணத்தில்தான் அறிவித்தார். ஆனாலும் அன்று ஒரு வழக்கறிஞரை நம் சமுதாயம் இழந்தது. இரணியல் கோர்ட்டிலும் நாகர்கோவில் கோர்ட்டிலும் வக்ஃபு நிலம், ஜீவனாம்சம், கடை வாடகை என்று நம் வழக்குகள் கிடக்கின்றன. வருடக்கணக்காக ஃபீஸ் கட்டுகிறீர்கள். ஒரு பிள்ளைக்கு ஐந்து வருட ஃபீஸ் கட்ட மனமில்லையா? மனம் இருக்கிறது. ஏற்பாடுதான் இல்லை. வசூல் ஒரு நாளுக்கு. நிதி என்றால் வருஷாவருஷம். வசூலில் பிள்ளையின் பெயர் ஊருக்குத் தெரியும். கொடுத்தவர் பெயர் தெரியாது. நிதியில் கொடுத்தவர் பெயர் ரசீதில் இருக்கும். பிள்ளையின் பெயர் குழுவைத் தாண்டாது.

அரசாங்கம் கொடுக்காதா? கொடுக்க வேண்டும், அது நம் உரிமை, அதற்காகப் போராடுகிறோம். சச்சார் குழு 2006-ல் நம் நிலையைப் புட்டுப்புட்டு வைத்தது. அதன் பிறகு கிடைத்ததில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை சிறுபான்மைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்த கல்வி உதவித்தொகையை 2022-23-ல் ஒன்றிய அரசு நிறுத்தியது. ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையும் அதே ஆண்டில் நின்றது. மௌலானா ஆசாத் கல்வி அறக்கட்டளையை மூடச் சொல்லி 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நீதிமன்றம் போவோம், தெருவுக்கு வருவோம், நாடாளுமன்றத்தில் கேட்போம். அதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்குமா? அதற்கு வயது ஏறிக்கொண்டே இருக்கிறதே!

சட்டம் ரசீதைக் கேட்கிறது

நம் நாட்டு அரசியல் சாசனத்தின் 30-ஆவது பிரிவு என்ன சொல்கிறது? சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நடத்திக்கொள்ள உரிமை உண்டு. அதே பிரிவின் இரண்டாம் பகுதி பணத்தைப் பற்றிப் பேசுகிறது: மானியம் கொடுக்கும்போது, சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக ஒரு நிலையத்துக்கு அரசு பாகுபாடு காட்டக்கூடாது. இலங்கையில் ஸாஹிராவுக்கு இப்படியொரு கேடயம் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. கேடயத்தைப் பிடிக்கத் தெரிய வேண்டாமா?

அலிகர் பல்கலைக்கழக வழக்கைப் பாருங்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம், அஸீஸ் பாஷா என்பவர் தொடுத்த வழக்கில் (இவர் வேறு அஸீஸ்), அலிகர் 1920-ஆம் ஆண்டு மத்திய சட்டத்தால் உருவானது, முஸ்லிம்கள் நிறுவியது அல்ல என்று தீர்ப்பளித்தது. சர் சையத் அஹமத் கான் ஊர் ஊராகப் பிச்சையெடுக்காத குறையாகத் திரட்டிய பணம், சமுதாயம் கொடுத்த நிலம், எதுவும் கணக்கில் வரவில்லை. 57 ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 8-ஆம் நாள், ஏழு நீதிபதிகள் அமர்வு நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தக் கருத்தைத் தள்ளுபடி செய்தது. சட்டத்தால் உருவம் பெற்றது என்பதாலேயே சிறுபான்மைத் தன்மை போய்விடாது; இந்த நிலையத்தை எண்ணியவர் யார், எந்த நோக்கத்துக்காக, பணம் கொடுத்தவர் யார், நிலம் கொடுத்தவர் யார், அலைந்து திரிந்தவர் யார் என்று பார்க்க வேண்டும் என்றது. அலிகர் சிறுபான்மை நிலையம்தானா என்ற முடிவை வேறொரு அமர்வு பார்க்கட்டும் என்று விட்டது.

வியாபாரிகளே, அந்தக் கேள்விகளை இன்னொரு முறை காதில் வாங்குங்கள். பணம் கொடுத்தவர் யார்? நிலம் கொடுத்தவர் யார்? நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் நம்மிடம் கேட்பது பழைய ரசீதையும் பழைய கடிதத்தையும் தீர்மானப் புத்தகத்தையும்தான். நம் ஜமாஅத்களில் முப்பது வருஷத்துக்கு முந்திய தீர்மானப் புத்தகம் எத்தனை இடத்தில் இருக்கிறது? கரையான் தின்றது பாதி, பழைய முத்தவல்லி வீட்டுப் பரணில் கிடப்பது பாதி. 2025-ல் கொண்டுவந்த வக்ஃபு திருத்தச் சட்டத்தை நாம் எதிர்த்தோம். அந்தச் சட்டத்தில், இனிப் பத்திரம் இல்லாமல் வக்ஃபு உண்டாக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். வாய்வார்த்தையில் "இந்தக் கடை வாடகை பள்ளிக்கு" என்று சொல்லிவிட்டுப் போன நம் மூத்தவர்களின் காலம் முடிந்துவிட்டது.

இது நமக்குப் புதிதா? குர்ஆனிலேயே மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது? சூரா பகராவில் 282-ஆவது ஆயத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்வது பற்றியது. எழுதுபவர் எப்படி இருக்க வேண்டும், சாட்சி யார், சிறு தொகையானாலும் சலிக்காமல் எழுதுவது என்று அவ்வளவையும் அல்லாஹ் விவரிக்கிறான். மதரஸாவில் அதை ஓதும்போது, இவ்வளவு விரிவாகக் கணக்கெழுதச் சொல்லும் மார்க்கத்தில் கணக்கெழுதாத இத்தனை ஜமாஅத்களா என்று எனக்குத் தோன்றியதுண்டு.

ஜகாத் கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். நூற்றுக்கு இரண்டரை கொடுப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஜகாத்துக்கு உரியவர்கள் எட்டு வகையினர். ஏழை மாணவன் ஏழை என்ற வகையிலேயே வந்துவிடுகிறான். அதில் சிக்கல் இல்லை. உடலில் தெம்பிருந்தும் படிப்பினால் சம்பாதிக்க முடியாதவனுக்குக் கொடுக்கலாமா என்று நம் ஷாபிஈ மத்ஹபு நூல்கள் கேட்கின்றன. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் கல்வியில் ஈடுபட்டவனுக்கு வழி திறந்திருக்கிறார்கள். அது மார்க்கக் கல்விக்கே உரியது என்று விரிவுரையாளர்கள் விளக்கினார்கள். மருத்துவம், சட்டம் படிப்பவனுக்கும் பொருந்துமா என்பதில் இக்கால உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மருத்துவமும் கணக்கும் ஃபர்ளு கிஃபாயா என்று 'இஹ்யா'வில் எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), எல்லாரும் ஃபிக்ஹு படிக்க ஓடுகிறார்கள், ஊரில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர் கூட இல்லையே என்று தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே கவலைப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கவலை இன்னும் தீரவில்லை.

ஆகவே என் யோசனை இது. நிதியில் இரண்டு பேரேடு இருக்கட்டும். ஜகாத் ஒன்றில், அதை ஏழை மாணவனின் கையில் அவனுக்கே சொந்தமாகக் கொடுத்துவிட வேண்டும், கட்டடத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக்கூடாது, கடனாகவும் கொடுக்க வேண்டாம். ஸதகாவும் நன்கொடையும் இன்னொன்றில். அதிலிருந்து கர்ளன் ஹஸனா, வட்டியில்லாக் கடன். சொந்த வீடு இருக்கிறது, ஆனால் கையில் காசில்லை என்ற நடுத்தரக் குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். அவர்கள் ஜகாத்துக்குக் கை நீட்ட மாட்டார்கள். வங்கிக்குப் போய் வட்டிக்கு வாங்கவும் மனம் இடம் கொடுக்காது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் இந்தக் கடன். வேலை கிடைத்த பின் சிறுகச் சிறுகத் திருப்பட்டும். திருப்பாதவனை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். உங்கள் கடைப் பற்று நோட்டில் திருப்பாதவன் இல்லையா? கடையை மூடிவிட்டீர்களா?

பெண் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். நன்றாகப் படிக்கிறது பெண் பிள்ளை. பணம் செலவழிவது பையனின் விசாவுக்கு. இதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து, மூவாயிரம் பேருக்குப் பிரியாணி போட்டு, வாசலில் டிஜிட்டல் போர்டு வைக்கும் பணத்தில் பத்திலொரு பங்கை இந்தப் பேரேட்டில் எழுதுங்கள். போர்டு இரண்டாம் நாள் கிழிகிறது. பேரேட்டில் எழுதியது கிழியாது.

இளைஞர்களுக்கு ஒரு வேலை. மாநில அரசு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம், சிறுபான்மை நலத்துறை உதவிகள் என்று எதற்கெல்லாம் நம் பிள்ளைகளுக்குத் தகுதி இருக்கிறது, கடைசித் தேதி என்ன, எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுங்கள். அரசு கொடுப்பது போக மீதிப் பள்ளம் எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும். அந்தப் பள்ளத்தை மட்டும் நிதி நிரப்பட்டும். எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் வசூலில் இறங்குவது, அளவு எடுக்காமல் துணி வெட்டுவது மாதிரி.

வருகிற வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு ஜமாஅத் அலுவலகத்தில் கூடுகிறோம். குழுவுக்கு ஏழு பேர் வேண்டும். இரண்டு வியாபாரிகள், ஒரு ஆலிம், ஒரு வக்கீல், ஒரு ஆசிரியர், ஒரு ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், கல்லூரியில் படிக்கும் ஒரு பிள்ளை. எந்த இயக்கம், எந்த ஜமாஅத், எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். என் இயக்கத்துத் தம்பிகளுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். நிதியைப் பதிவு செய்ய அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலை வக்கீல் சகோதரர் ஒருவர் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். வங்கிக் கணக்கு மூன்று பேர் கையெழுத்தில் இருக்கும். வருஷக் கணக்கை ஆடிட்டர் பார்த்த பின் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். மாணவர் பெயர் இருக்காது, எண்ணிக்கையும் தொகையும் இருக்கும். இரண்டு பேரேடு வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கம் காலியாக இருக்கிறது. வரும்போது பேனாவோடு வாருங்கள்.